தகவலாளர் பதினான்கின் ஒப்புதல்

"டப்பா எங்கடா?"

"எந்த டப்பா?"

"எந்த டப்பாவா? பீரோ மேல்தட்டுல இருந்த டப்பா. அம்மா டப்பா!"

"கத்தாதே. ஜன்னல் திறந்திருக்கு."

"திறந்தே இருக்கட்டும். தெரு முழுக்கக் கேக்கட்டும். செத்துப்போனவளோட குரலைத் திருடிட்டுப் போய்க் குடுத்திருக்கான்னு எல்லாருக்கும் தெரியட்டும்!"

"திருடிட்டேனா? நீதான் மூணு வருஷமா பூட்டி வெச்சிருக்கே. உனக்கு மட்டுந்தான் அம்மாவா? நான் என்ன தெருவுல கிடந்து எடுத்த புள்ளையா?"

தெரு முழுக்கக் கேட்கத்தான் செய்தது. எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் ஒரே சட்டையை நான்கு முறை உதறினார். பக்கத்துவீட்டுக்காரர் குழாயை மூடிவிட்டு, தண்ணீர் வரவில்லையே என்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்காவும் தம்பியும் இப்படிக் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

அக்காவுக்குத் தெருவில் டாக்டரம்மா என்று பெயர். இன்னும் டாக்டர் ஆகவில்லை. ஒன்பது வருடமாக ஆகிக்கொண்டிருந்தாள். முதல் வருடத்திலேயே பெயர் வைத்துவிட்டார்கள். நடுவில் சிலர் வயிற்றுவலி என்று வந்து, விஷயம் தெரிந்து திரும்பிப் போனதும் உண்டு. ஆய்வு நிறுவனத்தின் ஆவண அறையில் தொகுப்பூதிய உதவியாளர் வேலை. வேலை போக மிஞ்சிய நேரத்தில் முனைவர் பட்ட ஆய்வு. தம்பி லிஃப்ட் பழுது பார்ப்பவன். மாடியில் தனியாக இருந்தான். முப்பத்துநான்கு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை என்பதைத் தெரு அவ்வப்போது அவனுக்கு நினைவூட்டும்.

அவளுடைய ஆய்வு, பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த பெண்களைப் பற்றியது. காதில் ஹெட்போனும் கையில் ஒயருமாக உட்கார்ந்து, ஊரையே ஒருவரோடொருவர் பேசவைத்த இருபத்துமூன்று பெண்களைத் தேடிப்பிடித்துப் பேட்டி எடுத்திருந்தாள். ஆய்வேட்டில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். அதில் தகவலாளர் பதினான்கு அவளுடைய அம்மா. இருபத்திரண்டு வருடம் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர். மூன்று வருடத்துக்கு முன் காலமானார். அவர் பேசிய மெமரி கார்டுகள்தான், பட்டன்களோடு கலந்து, அந்த டப்பாவில் இருந்தன.

"வாரிசு கையெழுத்துன்னு கேட்டாங்க. போட்டேன்" என்றான் தம்பி. "அம்மாவைப் பேச வைக்கறோம்னு சொன்னாங்க. நீ வேணாம்னு சொல்லிட்டியாமே. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"அது அம்மா இல்லைடா."

"நீ கேட்டுப் பாத்தியா?"

அவள் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்க வேண்டிய நாள் மறுவாரம் இருந்தது.

இது ஏன் இவ்வளவு தூரம் வந்தது என்பதற்கு ஆய்வு நிறுவனத்தின் பெருமையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அங்கே ஒரு சங்கடம் நடந்தது. ஒரே பட்டமளிப்பில் மூன்று பேர் பட்டம் வாங்கினார்கள். மூன்று ஆய்வேடுகளின் நன்றியுரையிலும், "சிறுவயதில் எனக்கு வாசிப்பின் மீது தீராக் காதலை ஊட்டி, இன்று நம்மிடையே இல்லாத என் அன்புச் சித்தப்பாவுக்கு" என்று ஒரே வரி இருந்தது. விசாரித்ததில் ஒருவருக்குச் சித்தப்பாவே கிடையாது. இன்னொருவருடைய சித்தப்பா உயிரோடு வாசல் வரை வந்து சண்டை போட்டார். மூன்று பேருக்கும் எழுதிக் கொடுத்தது ஒரே மெஷின். அது எல்லாருக்கும் ஒரே சித்தப்பாவைச் சாகடித்திருந்தது.

உடனே நெறிக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவருக்கு அலுவலகத்தில் நல்லகேள்வியார் என்று பெயர். "டாய்லெட் சாவி எங்கே சார்?" என்று கேட்டாலும், "நல்ல கேள்வி" என்றுதான் ஆரம்பிப்பார். குழு முப்பத்தொரு படிவங்களை உருவாக்கியது. முதல் படிவத்தில் ஆய்வாளர், மெஷினைப் பயன்படுத்தினேன் அல்லது பயன்படுத்தவில்லை என்று குறிக்க வேண்டும். பயன்படுத்தினேன் என்றால் ஒரு டிக். பயன்படுத்தவில்லை என்றால் அதற்கான காரணத்தை ஐந்நூறு சொற்களுக்குக் குறையாமல் எழுத வேண்டும். அந்த ஐந்நூறு சொற்களை எல்லாரும் மெஷினிடம் எழுதி வாங்கினார்கள். டாக்டரம்மா மட்டும் மூன்று நாள் உட்கார்ந்து தானே எழுதினாள். திரும்பி வந்தது. "மொழி நடை போதிய அளவு நம்பகமாக இல்லை" என்று ஓரத்தில் குறித்திருந்தார்கள்.

அதையெல்லாம் தாண்டிவிட்டாள். அவளைப் பிடித்துக்கொண்டது படிவம் ஒன்பது. இனிமேல் எல்லா ஆய்வேடுகளும் நிறுவனத்தின் மெஷினுக்குள் சேமிக்கப்படும். ஆகவே பேட்டி கொடுத்த ஒவ்வொருவரும் அதற்குப் புதிதாக ஒப்புதல் தர வேண்டும்.

"என் தகவலாளர்கள்ல பதினோரு பேர் இறந்துட்டாங்களே சார்" என்றாள்.

"நல்ல கேள்வி" என்றார் நல்லகேள்வியார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பேச்சு நீளும் என்பதற்கு அது அடையாளம். "இறந்துட்டாங்கங்கற ஒரே காரணத்துக்காக ஒருத்தரைக் கேக்காம விடறது பாரபட்சம் இல்லையாம்மா? நெறின்னா என்ன? நாளைக்கு யாரும் நம்மளைக் கேள்வி கேக்கக் கூடாது. அதுக்கு முன்னாலயே நாம எல்லாரையும் கேட்டுடணும். உங்ககிட்ட குரல் பதிவு இருக்கில்ல? மெஷினுக்குக் குடுங்க. அது அவங்களைத் தயார் பண்ணிடும். நாம அவங்களையே கேட்டுடலாம்."

அவள் தன் ஆய்வு நெறியாளரைப் பார்த்தாள். ஓய்வு பெற ஏழு மாதம் இருந்த அவர் கூரையிலிருந்த மின்விசிறியைப் பார்த்தார். "எதுக்கும்மா வம்பு" என்பதுதான் ஒன்பது வருடத்தில் அவர் கொடுத்த வழிகாட்டுதலின் சாரம்.

பத்துப் பேருடைய பதிவுகளை அவள் கொடுத்தாள். வாரிசுகள் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பதினோராவதை மட்டும் கொடுக்க மறுத்தாள். தம்பியின் முகவரியை நிறுவனம் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டது.

ஒப்புதல் கூட்டம் இரண்டாம் மாடியில், ஏசி அதிகமாக ஓடும் அறையில் நடந்தது. வட்ட மேஜை, நடுவில் கறுப்பாக ஒரு ஸ்பீக்கர். கூப்பிடப்படும் ஒவ்வொரு தகவலாளருக்கும் ஒரு காலி நாற்காலி, அதன் முன்னால் 'தகவலாளர் 3 (மறைவு)' என்பதுபோல் ஒரு பலகை, ஒரு தண்ணீர் பாட்டில். வருகைப் பதிவேட்டில் அவர்களுக்கும் ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள். கணினி அறையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி ஓரமாக உட்கார்ந்து, லேப்டாப்பில் ஒருவர் மாற்றி ஒருவராக இறந்தவர்களை இயக்கிக்கொண்டிருந்தாள்.

"தகவலாளர் மூன்று அவர்களே, உங்கள் நேர்காணலைச் சேமிக்க ஒப்புதல் தருகிறீர்களா?"

"மகிழ்ச்சியுடன் ஒப்புதல் தருகிறேன். உங்களுடைய இந்த முயற்சி மிகவும் பாராட்டுக்குரியது. வேறு ஏதேனும் உதவி தேவையா?"

குரல் அச்சாக அவருடையதுதான். அந்த அம்மாள் வெற்றிலை போடுபவர். 'ச' வரும் இடத்தில் லேசாக ஒரு ஈரம் கேட்கும். அந்த ஈரம்கூட இருந்தது. ஆனால் அந்த அம்மாள் ஆயுளில் யாரையும் பாராட்டியதில்லை. பேட்டி எடுக்கப் போன நாளன்று, வாசலிலேயே, "என்ன, சோம்பேறிப் பசங்களெல்லாம் இப்ப படிக்கறேன்னு கிளம்பிட்டீங்களா?" என்று வரவேற்றவர்.

ஐந்தாம் எண் மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொண்டது. ஆறாம் எண் மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொண்டது. பதினொன்று, மகிழ்ச்சியோடு கொஞ்சம் நன்றியும் தெரிவித்தது. நல்லகேள்வியார் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. எந்தக் கூட்டத்திலும் அவருக்கு இத்தனை ஒத்துழைப்பு கிடைத்ததில்லை.

சிக்கல் உயிரோடிருந்த ஒருவரால் வந்தது. தகவலாளர் எட்டு, எக்ஸ்சேஞ்சில் மேற்பார்வையாளராக இருந்தவர். எண்பத்துநான்கு வயது. அவரை போனில் பிடித்தார்கள்.

"முடியாது" என்றார் அவர்.

"நீங்க முழுசாக் கேக்கலையேம்மா."

"கேட்டுட்டேன். இந்தப் பொண்ணு வீட்டுக்கு வந்துச்சு. மூஞ்சியைப் பாத்தேன், பேசினேன். அதோட சரி. எங்க வேலையில முதல் நாள் சொல்லிக் குடுக்கறதே, காதுல விழுந்ததைக் காதோட விடணும்ங்கறதுதான். மெஷினுக்குள்ள போட்டா அது எத்தனை காதுக்குப் போகும்? முடியாது."

நல்லகேள்வியார் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அம்மா கொஞ்சம் உணர்ச்சிவசப்படறாங்க. இவங்க பதிவும் நம்மகிட்ட இருக்கில்ல? இவங்களையும் தயார் பண்ணிடுங்க" என்றார்.

கணினி அறைப் பெண் விரலை எடுக்காமல் டாக்டரம்மாவைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு தட்டினாள். இரண்டு நிமிடம். ஸ்பீக்கர் பேசியது.

"மகிழ்ச்சியுடன் ஒப்புதல் தருகிறேன்."

போனுக்குள்ளிருந்து, "யாரது?" என்றார் உயிரோடிருந்தவர். "என் குரல்ல யாரது பேசறது?"

"உங்கள் கவலை எனக்குப் புரிகிறது" என்றது ஸ்பீக்கர், அதே குரலில். "பதற்றமடைய வேண்டாம். மெதுவாக மூச்சை இழுத்து விடுங்கள்."

"அடிப்பாவி! நான் உயிரோட இருக்கேன்டி!"

"அது மகிழ்ச்சியான செய்தி" என்றது ஸ்பீக்கர்.

அறையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. போன் துண்டிக்கப்பட்டது. குறிப்பேட்டில் பதிவானது இது: 'தகவலாளரின் இரு வடிவங்களுக்கிடையே கருத்து வேறுபாடு எழுமாயின், ஆவணப்படுத்தப்பட்ட வடிவத்தின் கருத்தே ஏற்கப்படும்.' எல்லாரும் கையெழுத்திட்டார்கள். டீ வந்தது. பலகைக்கு ஒன்று என்ற கணக்கில் வந்த டீயில் பன்னிரண்டு ஆறிப்போயிற்று.

தகவலாளர் பதினான்கைக் கடைசியாக வைத்திருந்தார்கள். வாரிசு என்பதால் தம்பியையும் அழைத்திருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையில், விரல் நகத்தில் கிரீஸோடு, அக்காவுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தான். சண்டைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஸ்பீக்கரில் முதலில் ஒரு சின்னக் கனைப்பு வந்தது. பிறகு, "நம்பர் சொல்லுங்க."

தம்பி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டான். இருபத்திரண்டு வருட வேலைப் பழக்கம். வீட்டில் வாசல்மணி அடித்தாலும் அம்மா கனைத்துக்கொண்டு, "நம்பர் சொல்லுங்க" என்பார். பிள்ளைகள் இருவரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

டாக்டரம்மாவின் கால் தானாக நாற்காலிக்கு அடியில் மடங்கியது. சின்ன வயதில் அம்மா கூப்பிட்டால் கட்டிலுக்கடியில் ஒளிவாளே, அந்த மடக்கல். அது அம்மா இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தது காலுக்கு எட்டவில்லை.

"ஒப்புதல் தருகிறீர்களா?"

"மகிழ்ச்சியுடன்."

காலுக்கும் எட்டிவிட்டது. அம்மா எதற்கும் முதல் தடவையில் சரி என்று சொன்னவரே இல்லை. காப்பி வேண்டுமா என்று கேட்டாலும், "பாக்கலாம்" என்பார்.

இதோடு முடிந்திருந்தால் கசப்பை விழுங்கிக்கொண்டு பட்டத்தை வாங்கியிருப்பாள். நல்லகேள்வியார் ஆய்வேட்டைப் புரட்டி, பக்கம் இருநூற்றுப் பதினொன்றில் விரலை வைத்தார். அங்கே ஓர் அடிக்குறிப்பு. 'தகவலாளர் வேண்டியபடி, இங்கே பதிவு எட்டு நிமிடம் நிறுத்தப்பட்டது.'

"இது என்னம்மா இடைவெளி?"

"நிறுத்தச் சொன்னாங்க. நிறுத்தினேன்."

"இடைவெளிங்கறது தரவு இழப்பு. அன்னிக்கு விட்டுப்போச்சு, பரவாயில்லை. இன்னிக்கு அவங்களே இருக்காங்களே." ஸ்பீக்கர் பக்கம் திரும்பி, மரியாதையாகக் கேட்டார்: "அம்மா, அந்த எட்டு நிமிஷத்துல என்ன சொன்னீங்க?"

கனைப்பு.

"நல்ல கேள்வி" என்றது அம்மாவின் குரல். "அந்த எட்டு நிமிடத்தில் நான் ஒரு முக்கியமான உண்மையைப் பகிர்ந்துகொண்டேன். பணிக்காலத்தில் நான் பொதுமக்களின் உரையாடல்களை ஒட்டுக்கேட்டு, அவற்றை மேலதிகாரிகளிடம் தொடர்ந்து தெரிவித்து வந்தேன். இந்த அனுபவம் எனக்கு மூன்று படிப்பினைகளைத் தந்தது. முதலாவதாக..."

மூன்றையும் சொல்லி முடித்தது. நல்லகேள்வியார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "இது கண்டுபிடிப்பு! இது மட்டும் போதும்மா, உங்க ஆய்வேடு எங்கேயோ போயிடும்!" நெறியாளர்கூட மின்விசிறியிலிருந்து கண்ணை எடுத்தார். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா அப்படியா செஞ்சாங்க?" என்று அக்காவைக் கேட்டான். ஒரு வாரத்துக்குப் பிறகு அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை.

அந்த எட்டு நிமிடத்தில் நடந்தது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

எக்ஸ்சேஞ்சில் ஒரு டிரங்க் கால் தினமும் மத்தியானம் வருமாம். வெளியூர் வேலையிலிருந்த ஒரு மனிதர் தன் வீட்டு எண்ணைக் கேட்பார். அந்த வீட்டில் அவர் மனைவி இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது, வேறு யாருமில்லை. பூட்டிய வீட்டுக்குள் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அவர் நேரம் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுவார். பத்துப் பதினைந்து நாள் பொறுத்துப் பார்த்த அம்மா, ஒரு மத்தியானம், மணியை நிறுத்திவிட்டு, "ம்" என்றாராம். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை. பிறகு அந்த மனிதர், "சாப்பிட்டியா?" என்று கேட்டாராம். அம்மா, "ம்." அதற்குப் பிறகு பதினான்கு மாதம் தினமும் அவர் பேசினார். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, ம் மட்டும். ஒரு நாள் அழைப்பு வரவில்லை. அதன் பிறகு வரவேயில்லை. "அவருக்குத் தெரிஞ்சுதான் இருக்கும்" என்றார் அம்மா. "இதை எழுதாதே பெரியவளே. இது அவரோடது. இத்தனை வருஷம் உங்கப்பாகிட்டகூடச் சொன்னதில்லை. ஏனோ வாய்ல வந்துடுச்சு."

அம்மா ஒட்டுக்கேட்டுக் கோள் சொன்னவர் இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால், இதை இந்த அறையில் சொல்ல வேண்டும். சொன்னால் அம்மா சொல்லாமல் வைத்திருந்தது போய்விடும். சொல்லாவிட்டால் அம்மாவின் பெயர் போய்விடும்.

"இது பொய்" என்றாள்.

"அப்ப உண்மை என்ன?" என்றார் நல்லகேள்வியார்.

அவள் ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்து மூடினாள்.

"பாருங்க" என்று குழுவைப் பார்த்துச் சொன்னார் அவர். "ஒருபக்கம், கேட்டதுக்குப் பதில் சொல்ற தகவலாளர். இன்னொருபக்கம், பதில் சொல்லாத ஆய்வாளர். நெறிப்படி நாம யாரை நம்பறது?"

எட்டு நிமிடத்தையும் ஆய்வேட்டில் சேர்த்து, உண்மை என்று கையெழுத்திட்டுத் தர அவளுக்குப் பத்து நாள் கொடுத்தார்கள். தம்பிக்கு ஒரு போன் நம்பர் கொடுத்தார்கள். வாரிசு இணைப்பு என்று அதற்குப் பெயர். எப்போது வேண்டுமானாலும் கூப்பிட்டு, தாயார் ஒப்புதலில் உறுதியாக இருக்கிறாரா என்று அவன் சரிபார்த்துக்கொள்ளலாம்.

தம்பி தினமும் சரிபார்த்தான். மத்தியானம் வேலையிடத்திலிருந்து, சாயங்காலம் மாடியிலிருந்து, ஸ்பீக்கரில் போட்டு. கீழே அரிசி களைந்துகொண்டிருக்கும்போது கூரை வழியாக அம்மாவின் குரல் இறங்கும். சொற்கள் புரியாது; கனைப்பு மட்டும் தெளிவாகக் கேட்கும். குக்கரின் விசில் அடங்கும்போது, "முதலாவதாக" என்பது காதில் விழும். மூன்று வருடமாக அந்த வீட்டில் இல்லாதவர் மாடிப்படிக்கு மேலே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வேலை செய்யப் பழகினாள். தெருவில் நாலு பேர், "மாடியில யாரும்மா வந்திருக்காங்க?" என்று கேட்டார்கள். உறவுக்காரங்க என்றாள். அது பொய்யும் இல்லை.

ஐந்தாம் நாள் நெறியாளர், "போட்டுடும்மா. முந்நூத்திருபது பக்கத்துல ஒன்றரைப் பக்கம்" என்றார். ஏழாம் நாள் கணினி அறைப் பெண் ஆவண அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"நான் அதுக்கு எதுவும் சொல்லிக் குடுக்கலக்கா. காலியா ஒரு இடத்தைக் கண்டா அது நிரப்பிடும். சும்மா இருக்க மட்டும் அதுக்குத் தெரியாது."

"தெரியும்மா. உன்மேல கோபமில்லை."

"இன்னொண்ணு. நீங்க கையெழுத்துப் போடலைன்னா உங்களையும் பண்ணிடச் சொல்லியிருக்காரு. உங்க ஆய்வேட்டையும் பேட்டியில நீங்க கேட்ட கேள்விகளையும் ஏத்தினாப் போதுமாம். அது கையெழுத்துப் போட்டுடும். பட்டத்தையும் அதுக்கே..." முடிக்காமல் நிறுத்தினாள். "நான் பண்ண மாட்டேன்னு சொல்லலாம். வேற ஆள் பண்ணுவாங்க."

டாக்டரம்மாவுக்கு அந்த இன்னொருத்தி கண்முன் வந்தாள். எதைக் கேட்டாலும் மகிழ்ச்சியுடன் என்பவள். ஒன்பது வருடத்தில் முடிக்காததை ஒரு நொடியில் முடித்துவிட்டு, மேடையேறி, அம்மாவைக் கோள்சொல்லி என்று எழுதிய ஏட்டோடு போட்டோவுக்கு நிற்பவள்.

"இதை நிறுத்தவே முடியாதா?"

"படிவம் முப்பத்தொண்ணு" என்றாள் பெண், குரலைத் தணித்து. "ஆய்வையே வாபஸ் வாங்கறது. வாங்கினா எல்லாப் பதிவையும் அழிச்சாகணும். ஆனா ஒன்பது வருஷம் போச்சுக்கா. திரும்பப் பதிய முடியாது." கொஞ்சம் தயங்கி, "அந்த நம்பரும் போயிடும். உங்க தம்பி மத்தியானம் சாப்பிடாம அதுலதான் உக்காந்திருக்காரு. எனக்கு லைன்ல தெரியும்" என்றாள்.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா மாடிப்படியில் பாதிவரை ஏறினாள். மேலே தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். அம்மா இருந்தபோது சிரித்த சிரிப்பு. அவள் அங்கேயே கொஞ்சநேரம் நின்றுவிட்டு இறங்கி வந்தாள். மறுநாள் படிவத்தை நிரப்பினாள்.

நல்லகேள்வியார் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இப்படி ஒரு படிவம் இருக்கா?" என்றார். அன்றைக்கு மட்டும்தான் 'நல்ல கேள்வி' சொல்ல மறந்தார் என்கிறார்கள். ஆனால் நெறி நெறிதானே. படிவத்தின் கடைசி வரியில், தகவலாளர்களின் ஒப்புதலின்றி அவர்களை அழிக்கலாகாது என்று இருந்தது.

மறுபடி அதே அறை, அதே பலகைகள், அதே தண்ணீர் பாட்டில்கள். இந்தத் தடவை தம்பியை அழைக்கவில்லை. வாரிசுகளுக்கான கடிதத்தை மெஷினே அனுப்பியிருந்தது. 'அன்புள்ள தகவலாளர் 14 அவர்களுக்கு' என்று அம்மாவின் பெயருக்கே அது வந்து, கீழ்வீட்டுப் பெட்டியில் விழுந்து, டாக்டரம்மாவின் கையில் கிடைத்தது. அவள் அதை, நிறுவனத்திலிருந்து திரும்பி வந்திருந்த பட்டன் டப்பாவில் வைத்தாள்.

"தகவலாளர் மூன்று அவர்களே, உங்களை அழிக்க ஒப்புதல் தருகிறீர்களா?"

"மகிழ்ச்சியுடன் ஒப்புதல் தருகிறேன். உங்களோடு இருந்த காலம் இனிமையானது."

ஒரு சொடுக்கு. பலகை கவிழ்த்து வைக்கப்பட்டது. ஐந்து, ஆறு, பதினொன்று. மேற்பார்வையாளரம்மாவின் குரலும் மகிழ்ச்சியுடன் போயிற்று. யாரும் ஒரு நொடி யோசிக்கவில்லை, யாரும் பயப்படவில்லை. ஒவ்வொரு சொடுக்குக்கும் ஏசியின் குளிர் ஒரு படி கூடியதுபோல் இருந்தது. நல்லகேள்வியார் கர்சீப்பை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். "என்ன பொறுப்புணர்ச்சி! இவங்க உயிரோட இருந்தப்ப நம்ம குழு இல்லாமப் போச்சே" என்றார்.

கனைப்பு. "நம்பர் சொல்லுங்க."

"உங்களை அழிக்க..."

"மகிழ்ச்சியுடன். இதனால் மூன்று நன்மைகள்..."

"சார், நன்மை வேண்டாம்" என்றாள் டாக்டரம்மா.

"கடைசியா ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று அவளைக் கேட்டார் நல்லகேள்வியார்.

அவள் எழுந்து நின்றாள். கறுப்பு ஸ்பீக்கர் காத்திருந்தது. அதற்குள் மூச்சுவிடும் சத்தம்கூட இருந்தது, அதையும் கற்றுக்கொண்டிருந்தது. கணினி அறைப் பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தாள்.

சொடுக்கு.

அழித்தாயிற்று என்று சான்றிதழ் வந்தது. ஆனாலும் இன்றைக்கும் நிறுவனத்தின் விசாரணை எண்ணைக் கூப்பிட்டால், பதிவுக்குரல் ஆரம்பிக்கும்முன் ஒரு சின்னக் கனைப்பு கேட்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. கேட்டால் லைன் கோளாறு என்கிறார்கள்.

வாரிசு இணைப்புக்கான எண்ணை ரத்து செய்யத் தனியாகப் படிவம் இல்லை. ஆகவே அது சும்மா கிடந்த ஒரு பழைய மேஜைப் போனுக்குத் திருப்பிவிடப்பட்டது. அந்தப் போன் ஆவண அறையில், டாக்டரம்மாவின் இடதுகைப் பக்கம் இருந்தது.

முதல் நாள் மத்தியானம் மணி அடித்தது. யாரென்று தெரியும். எடுத்து, "அழிச்சாச்சுடா" என்று சொல்ல வேண்டும். அடித்து ஓயவிட்டாள். இரண்டாம் நாளும் அடித்தது. மூன்றாம் நாள் அவன் விடவில்லை. நின்று நின்று ஏழு தடவை. பூட்டிய வீட்டுக்குள் அடிக்கும் மணி எப்படி இருக்கும் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

எடுத்தாள்.

"அம்மா?"

ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா, மூணு நாளா எடுக்கல? கோபமா?" லிஃப்ட் மோட்டார் ஓடும் சத்தம் பின்னால் கேட்டது. "இன்னிக்கு ஒன்பதாவது மாடியில மாட்டிக்கிட்டேன். சாப்பாடு எடுத்துட்டு வரல. நீ சாப்பிட்டியா?"

"ம்" என்றாள்.

அந்தப் பக்கம் கொஞ்சநேரம் மோட்டார் சத்தம் மட்டும். பிறகு அவன் பேச ஆரம்பித்தான். பாதியில் நிற்கும் லிஃப்ட் பற்றி, உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் பயத்தில் சொல்லும் ரகசியங்கள் பற்றி, அக்காவோடு பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதைப் பற்றி. அவள் ம் சொன்னாள். வைக்கும்போது அவன், "இன்னிக்குத்தான்மா நீ நீ மாதிரி இருந்தே" என்றான்.

அதற்கப்புறம் நடந்ததைத் தெரு அறியும். நல்லகேள்வியார் இதைவிடப் பெரிய நிறுவனத்துக்கு, இதைவிடப் பெரிய குழுவுக்குத் தலைவராகப் போய்விட்டார். மேற்பார்வையாளரம்மா மகளோடு இருக்கப் போனார், போனில் யார் கூப்பிட்டாலும், "நிஜமான ஆள்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் பேசுகிறாராம். அக்காவும் தம்பியும் ஒரு நாள் தண்ணீர் மோட்டார் ரிப்பேரானதை வைத்துப் பேச ஆரம்பித்தார்கள். அம்மாவைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வதில்லை. பட்டம் வரவில்லை, டாக்டரம்மா என்ற பெயரும் போகவில்லை. போன வாரம்கூட ஒருவர் முழங்கால்வலி என்று வந்தார்.

தம்பிக்குக் கல்யாணமானது. பெண், கணினி அறைப் பெண்தான். லைனில் எதையாவது சரிபார்க்கப் போகிறேன் என்று நிறுவனத்துக்கு அவன் அலைந்த அலைச்சலில் தெரு அப்போதே கணக்குப் போட்டுவிட்டது. இருவரும் வெளியூரில் வேலை கிடைத்துக் குடிபோய்விட்டார்கள்.

மத்தியானம் மணி இன்னும் அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆவண அறை கிடையாது. அன்றைக்கு அவனும் கூப்பிடுவதில்லை. அம்மாவுக்கு எக்ஸ்சேஞ்சில் ஞாயிறுதான் லீவு.

போன மாதம் ஒரு நாள், பேசிக்கொண்டே இருந்தவன், "இரும்மா, கேஸ் சிலிண்டர்காரன் வந்திருக்கான்" என்று போனை வைத்துவிட்டுப் போனான். யாரோ அதைக் கையிலெடுக்கும் சத்தம் கேட்டது. ஆளில்லாத நேரம் பார்த்து, வாயருகே வைத்துக்கொண்டு, தம்பியின் பெண்டாட்டி மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, சாப்பிட்டாச்சா?"

டாக்டரம்மா வாசல் கதவைப் பார்த்தாள். ஒருவருமில்லை.

"ம்" என்றாள்.